நான்காம் கூண்டு அட்டை

மார்ச் 2, ஞாயிறு

நாய்க் காப்பகத்தில் இன்று ஏழாவது வாரம். இன்ஸ்பெக்டரோடு மூன்று சுற்று. வழியில் இருக்கும் ஒவ்வொரு கம்பத்தையும் முகர்ந்து பார்த்து, ஏதோ குறை கண்ட மாதிரி நின்று, பிறகுதான் நகரும். அதனால் நான் வைத்த பெயர் அது. இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

தையல்கடை அம்மா மறுபடியும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அவர் செருப்பை முகர்ந்துவிட்டு, அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. "மெஷினுக்குக் கீழ படுத்துக் கிடக்கிற மாதிரி ஒரு நாய் வேணும்னுதான் இத்தனை நாளா தேடுறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் எனக்கு யார் துணை என்றும் ஒரு நினைப்பு. அற்ப புத்தி.

பஸ்ஸில் மூச்சு முட்டி விழுந்து எட்டு மாதம் ஆகிறது. அதோடு வேலையும் போயிற்று. வாசலைத் தாண்டினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கையில் ஒரு கயிறும் எதிரே ஒரு வாலும் இருந்தால் மட்டும் அரைமணி நேரம் ஒன்றும் ஆவதில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. "எது ஒத்துக்குதோ அதைப் பண்ணுங்க" என்கிறார்.

மார்ச் 4, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் திடீரென்று திரும்பிக் கடிக்க வந்தது. இடது மணிக்கட்டில் பல் பட்டது. ஊசி போட்டாயிற்று. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 5, புதன்

நேற்று இங்கேயும் பொய்தான் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் இதை? யாருக்குப் பயந்து எழுதினேன்?

நடந்தது இதுதான். வளைவில் ஒரு பஸ் நடைபாதையை உரசிக்கொண்டு வந்து ஹார்ன் அடித்தது. இன்ஸ்பெக்டர் அசையவே இல்லை. நான்தான் துள்ளிப் பின்னால் குதித்தேன். குதித்த இடத்தில் அதன் முன்னங்கால் இருந்தது. முழு எடையோடு மிதித்துவிட்டேன். அது அலறியது. நான் சாய்ந்தேன். கயிறு என் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்ததால் அதன் கழுத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தேன். கழுத்து நெரிந்து அது தலையை உதறியபோது பல் என் கையைக் கீறியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் பக்கத்திலேயே காலைத் தூக்கிக்கொண்டு நின்றது, பாவம்.

கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. முதல் நாள் சொல்லித் தரும் முதல் விஷயம் அது. சுற்றினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஏழு வாரமாக நான் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். விட்டுவிட்டால் ஓடிவிடுமே என்ற பயம்.

காப்பகத்தை நடத்தும் மேடத்துக்கு நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. அவர் வருவதற்கு முன் இடுப்புச் சாவிச் சத்தம் வந்துவிடும். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டார்: "கயித்தைக் கையில சுத்தியிருந்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு அட்டையை நீட்டினார். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு அட்டை தொங்கும். நாயை நடக்கக் கூட்டிப்போனவர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்காம் கூண்டு அட்டையில் நான் எழுதியது: "காரணமில்லாமல் திரும்பிக் கடிக்க வந்தது."

காரணமில்லாமல்! அந்த ஒரு வார்த்தையாவது எழுதாமல் இருந்திருக்கலாம்.

அதைப் படித்துவிட்டு அட்டையிலிருந்த பச்சை ரிப்பனை அவிழ்த்துச் சிவப்பைக் கட்டினார். "பல் பட்டா பத்து நாள் கண்காணிப்புல வைக்கணும், அது எல்லாத்துக்கும் உள்ளதுதான். ஆனா காரணமில்லாம கடிக்க வந்ததுன்னு இருந்தா அப்புறமும் பின்வரிசைதான்" என்றார். பின்வரிசைக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை. நாய் கேட்டு வருகிறவர்களைக்கூட. அங்கே ஒரு வெள்ளை நாய் நாளெல்லாம் தன் வாலையே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வருவார்.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிடுவது என்று காலையில் முடிவு பண்ணிக் கிளம்பினேன். கேட் வரைக்கும் போனேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? "மேடம், ஒரு சின்ன விஷயம்" என்றா? சின்ன விஷயமா இது? சாவிச் சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன்.

சொன்னால் என்னை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் நான் திரும்ப அந்த ஜன்னல் நாற்காலிக்குத்தான். ஆறு மாதம் உட்கார்ந்தேனே, போதாதா? சரி, நான் வீட்டில் உட்காரக் கூடாது என்பதற்காக அது கூண்டில் கிடக்கலாமா?

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது ஊசி.

வெளியூரிலிருந்து வந்ததும் வீட்டுக்காரர் என் கையைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் காப்பகத்துக்குப் போன் போட்டுவிட்டார். "என் சம்சாரம் ஆறு மாசம் கழிச்சு இப்பதான் வெளிய தலை காட்டுறா. அவளைக் கடிச்ச நாயை இன்னும் வெச்சிக்கிட்டு என்ன பண்றீங்க?" நான் பக்கத்திலேயே நிற்கிறேன். போனைப் பிடுங்கியிருக்கலாம். "ஏங்க, விடுங்க" என்று மட்டும் முனகினேன். அவர் இன்னும் உரக்கப் பேசினார். எனக்காக இந்த மனுஷன் யாரிடமும் இப்படிச் சண்டை போட்டதில்லை. போயும் போயும் இதற்கா?

மார்ச் 8, சனி

நாளைக்குச் சொல்லிவிடுவேன். காலையில் முதல் வேலை.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஒரு நாள் தாமதம்.

அந்த அம்மா நேற்றே வந்துவிட்டாராம். நாயைக் கேட்டதும் அட்டையை வெளியே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்; சிவப்பு ரிப்பனைப் பார்த்திருக்கிறார், எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். "காரணமில்லாம கடிக்கிறதை எப்படிங்க கடையில வெச்சுக்கறது? ஆளுங்க வந்து போற இடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

சாவிக்கொத்து கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்குப் பயம்னு எனக்குத் தெரியும். அதனாலதான் எல்லாத்தையும் விடப் பொறுமையான நாயா பார்த்து உங்ககிட்ட குடுத்தேன்" என்றார். நான் அழுதேன். அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். இங்கே அட்டையில் எழுதியதை யாரும் அடிக்கக் கூடாது. தப்பு என்றால் கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுதினேன்: "மேலே இருப்பது பொய். நான் நாயின் காலை மிதித்தேன். கயிற்றைக் கையில் சுற்றியிருந்தேன். விழுந்தபோது அதன் கழுத்து நெரிந்தது. அது கடிக்க வரவில்லை."

இனி நான் நாயை நடக்கக் கூட்டிப்போகக் கூடாது. வருவதென்றால் வரலாம், கிண்ணம் கழுவலாம். "வர்றேன் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மத்தியானம் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "நான் வேற போன் பண்ணித் தொலைச்சேனே" என்றார். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். அப்புறம், "அந்தத் தையல்கடை எங்க இருக்கு?"

மார்ச் 10, திங்கள்

கடைக்குப் போனோம். இவர் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரமாட்டாராம், போனில் கத்திய வெட்கம்.

அந்த அம்மா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மெஷின் நிற்கவே இல்லை. ஓரம் முடிந்து நூலை அறுத்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு ஒண்ணு எழுதினீங்க. இன்னைக்கு வேற சொல்றீங்க. நாளைக்கு இதையும் மாத்த மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாங்க. அதை நேர்ல வந்து பாருங்க. பத்து நாள் முடியட்டும், ஒரே ஒரு தடவை வந்து பாருங்க."

"எனக்கு நாயைப் பத்தி ஒரு சந்தேகமும் இல்லம்மா" என்றார். "உங்களைப் பத்தித்தான்."

வண்டியில் ஏறியதும் இவர், "என்ன சொன்னாங்க?" என்றார். உள்ளதைச் சொன்னேன். "சரியாத்தானே கேட்டிருக்காங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

மார்ச் 12, புதன்

கிண்ணம் கழுவினேன். பின்வரிசைக்குக் கிண்ணம் வைக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆட்டாமல் இருந்திருக்கக் கூடாதா? காலை நக்கி நக்கி முடி கொட்டியிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

கண்காணிப்பு முடிந்தது. இப்போது மஞ்சள் ரிப்பன்; கேட்டு வருகிறவர்களுக்குக் காட்டலாம். அந்த அம்மா வரவில்லை.

மார்ச் 15, சனி

வரவில்லை. போன் பண்ணலாமா என்று நாலு தடவை எடுத்து வைத்தேன். என் குரலைக் கேட்டால் வருகிறவரும் வரமாட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தார்!

குழாயடியில் இருந்தேன். என்னைப் பார்த்தார். நேராக இன்ஸ்பெக்டரிடம் போய் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். நடுவில், "மிதிச்சது எந்தக் கால்?" என்று என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "முன்னங்கால், இடது" என்றேன்.

அந்தக் காலைக் கையில் எடுத்தார். மெதுவாக அழுத்தினார். இன்னும் வலிக்குமே, உதறினால்? பல் பட்டால்? இந்தத் தடவை நிஜமாகவே கடித்துவைத்தால்? இன்ஸ்பெக்டர் காலை இழுக்கப் பார்த்தது, முடியவில்லை என்றதும் ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் அவர் புறங்கையை முகர்ந்து பரிசோதனை பண்ண ஆரம்பித்தது. அந்த அம்மா சிரித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு போகும்போது சாவிக்கொத்திடம், "அட்டையையும் குடுத்துடுங்க. நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வேண்டாம். கயிற்றைக் கட்டைவிரலில் மாட்டி, மடித்து, உள்ளங்கையில் பிடித்திருந்தார். ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. கேட் பக்கத்துக் கம்பத்தில் நின்று முகர்ந்துவிட்டுத்தான் போனது.

மார்ச் 23, ஞாயிறு

கிண்ணம். குளிர்ந்த தண்ணீரில் விரல் வெளுத்துப்போகிறது. வீட்டிலிருந்து நடந்தே வந்தேன், கயிறு இல்லாமல், தனியாக. பாதி வழியில் மூச்சு திணறியது. ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

கிண்ணம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாவிக்கொத்து ஒரு கயிற்றை என் தோளில் போட்டுவிட்டுப் போனார். ஒன்பதாம் கூண்டு, புதிதாக வந்த கறுப்பு நாய், ஒரு காது பாதிதான். பச்சை ரிப்பன்.

ஒரே ஒரு சுற்று. கயிறு வழுக்கிவிடும் வழுக்கிவிடும் என்று உள்ளங்கை முழுக்க வியர்வை. அந்த வளைவில் பஸ் வந்தது. நின்றுவிட்டேன். கறுப்பும் நின்றது. பஸ் போன பிறகு நடந்தோம்.

அட்டை புத்தம் புதியது, என்னுடையதுதான் முதல் வரி. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்: "நாய் நன்றாக நடந்தது. பயந்தது நான்."