மூட்டுத் தெரியாத வயலின்

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, இந்த இரண்டு வரிக்குள் மூன்று தரம் எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று, கால்ல சக்கரமா கட்டியிருக்கு என்கிறாள் அம்மா.

விஷயம் உன் தங்கையின் வயலின். நாளை மறுநாள் அவளுக்கு இசைக்குழுத் தேர்வு, இருப்பது ஒரே ஓர் இடம். போன மாதம் கடையில் இரண்டு வயலின் எடுத்து வைத்தார்கள். ஒன்றில் மெருகு உரிந்து, வயிற்றில் ஒட்டுப் போட்டு, எவனோ பசையை வழியவிட்டிருந்தான். மற்றது, அடடா, முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்த நான் கட்டைவிரலால் தடவித் தேடியும் மூட்டு எங்கே என்று தெரியவில்லை. சின்னவள் இரண்டையும் வாசித்துக் காட்டி எதுப்பா நல்லாயிருக்கு என்றாள். நான் மூட்டுத் தெரியாததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள், பிறகு சரிப்பா என்று எடுத்துக்கொண்டாள்.

நேற்று அவளுடைய வயலின் வாத்தியார் என்னைத் தெருவில் பிடித்துக்கொண்டார். அவருக்கு எப்போதும் வெண்கலத் தொண்டை. பாக்க ராஜா மாதிரி இருக்கு சார், வாயைத் திறந்தா சளி பிடிச்ச குரல், கடையில நானும் வாசிச்சுப் பாத்தேன், அந்த ஒட்டுப் போட்டதுதான் பாடும், மாத்திக்கோம்மான்னா அப்பா மனசு கஷ்டப்படும்னு அடம் பிடிக்கிறா என்றார். எனக்குச் சுருக்கென்றது. கதவு செய்கிறவனுக்கு மூட்டுதான் முதல், வயலின் என்ன கதவா? இன்று கடை திறக்குமுன்பே போய் நின்று, கெஞ்சிக் கூத்தாடி அந்த ஒட்டுப் போட்டதை வாங்கி வந்து பட்டறை மேசைக்கடியில் துண்டு சுற்றி வைத்திருக்கிறேன்.

எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே என்பாய். கொடுத்தால் அன்னிக்கு ஏன்பா மத்ததைக் காட்டினீங்க என்று கேட்பாளே. அம்மாவிடம்கூடச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. இழைப்பு மெஷின் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டதப்பா. பேச்சு அரைகுறையாக விழும், மெல்லிய சத்தம் சுத்தமாக விழாது. காது கைவிட்டதால் கையை நம்பினேன். வீட்டில் அவள் வாசித்து முடித்ததும் முதல் ஆளாகக் கை தட்டுகிறேனே, அது வில் நின்றதைப் பார்த்துத்தான்.

இதோ கதவு அசைகிறது, இல்லை, காற்று. சின்னவள் வந்ததும் சொல்லிவிடப் போகிறேன், நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் அவள் இடம் போய்விடும். நீயும் மெஷினில் நிற்கிறவன், காதுக்கு அடைப்பு வைத்துக்கொள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் நன்றாயிரு. ஒன்றை மட்டும் மறக்காதே, முக்கியமான சங்கதியை இனிமேல் எனக்கு எழுது. போன வாரம் நீ போனில் அழுதாய் என்று அம்மா பிறகுதான் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அப்பா