ஸ்டிக்கர் உரிக்காத பேட்டரி

சூளகிரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு அனுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் காதைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம், அந்தப் பனியில் நீயும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய், போனில் பேசினால் இப்போது அப்பாவுக்குக் கேட்டுவிடுகிறது, உன்னிடம் சொன்னேன் என்று தெரிந்தால் வெட்கப்படுவார். பக்கத்து வீட்டு நிர்மலாவின் மகள் வியாழக்கிழமை போலந்துக்குக் கிளம்புகிறாள், உன் பழைய ஃபிலிம் கேமராவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். விஷயம் உன் கல்யாணம் பற்றியது. பயப்படாதே, ஆனால் கடைசிவரை படி.

கேமராவில் வெளிச்சம் காட்டுகிற முள் அசைகிறதா பார்த்து நல்ல பேட்டரியாகப் போட்டு அனுப்பு என்றாய் அல்லவா, ஓசூரில் வாட்ச் கடையில் ஒன்று வாங்கிப் போட்டேன், முள் அசையவே இல்லை, கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் பாகலூர் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சென்னகிருஷ்ணனிடம் போனேன். கேமராவைப் பார்க்கும் முன்பே பேட்டரியைப் பிடுங்கி, "இது பேடாம்மா, வேண்டாம்" என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். இந்தக் கேமராவுக்கான பாதரச பேட்டரி இப்போது வருவதில்லையாம், இந்த வாட்ச் பேட்டரிக்கு பவர் கொஞ்சம் கூடுதலாம், இல்லாத வெளிச்சத்தை இருக்கிறதென்று முள் காட்டி படமெல்லாம் இருட்டடிக்குமாம். காது மெஷின் பேட்டரிதான் சரியாம், ஸ்டிக்கரை உரித்தால் காற்று பட்டு அது உயிர் பிடிக்குமாம், உரித்துவிட்டால் ஒரு மாதம் ரெண்டு மாதம்தான் ஆயுசாம். அதுதான் நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

பீரோவைத் திறந்தால் சித்திரையில் அப்பாவுக்கு வாங்கிய பேட்டரி அட்டை அப்படியே இருக்கிறது, ஒன்றில்கூட ஸ்டிக்கர் உரிக்கவில்லை. மனுஷர் இத்தனை மாதமும் வெறும் மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! கேட்டால், "பேட்டரி போட்டா நான் வேல பாத்த கம்பெனி பிரஸ் மெஷின் சத்தமெல்லாம் மண்டைக்குள்ள வருது மாதேசு, போடலன்னா நிம்மதியா இருக்குது" என்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆவணியில் நீ விமல்ராஜைப் பற்றி, வேற ஜாதி என்று பயந்து பயந்து வீடியோவில் சொன்னபோது, "சரிம்மா, உன் இஷ்டப்படியே செய்" என்றாரே, அதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. நீ கம்பளி கோட்டு வாங்கப் போவதாக நினைத்தாராம். நீ அழுததைப் பார்த்து விலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்தாராம்! இவருக்கு இவ்வளவு பெரிய மனசா என்று நான் ரெண்டு மாதமாக வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டேன், அதையும் கேள்வி கேட்காமல் சாப்பிட்டார்.

இதற்கு நடுவில் காது மெஷின் பேட்டரி போட்டும் முள் அசையவில்லை. அப்பா வாங்கிப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வண்டி, மிக்சி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர் உன் கேமராவுக்கும் வைத்திருக்கிறார், வெளிச்சம் போகிற சின்னக் கண்ணாடியின் மேலேயே. ஈரத்துணியால் துடைத்ததும் முள் துள்ளியது, வாட்ச் கடைக்காரன் பாவம். அந்த நல்ல நேரத்திலேயே இன்னொரு பேட்டரியை உரித்து அவர் காதில் மாட்டிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போலந்து வரைக்கும் போய், பக்கத்தில் இருக்கிற காவேரிப்பட்டினத்துப் பையனைப் பிடித்திருக்கிறாள் என்றேன், சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ராத்திரி சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார். எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு நான் சரின்னப்போ புள்ள எதுக்கு அழுதா?" என்று கேட்டார். சந்தோஷத்தில்தான் என்றேன். "அப்படி அழுத புள்ளகிட்டப் போய் எனக்குக் கேக்கலன்னு சொல்ல முடியுமா? சரின்னா சரிதான்" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன் அனு, எனக்கும் கோட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.

கேமராவோடு உரிக்காத பேட்டரி ரெண்டு வைத்திருக்கிறேன், படம் எடுக்கும்போது மட்டும் உரி. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே. நீயும் அந்தப் பையனும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அதை முதலிலிருந்து திரும்பச் சொல். இந்தத் தடவை காதால் கேட்டுவிட்டுச் சரி சொல்ல வேண்டுமாம் அப்பாவுக்கு.

உன் அம்மா,
மாதேஸ்வரி முனிவேல்