வெட்டாத படம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை சும்மா வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவளுக்குத் திடீரென்று என்ன எழுத்தாசை என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போன் அடித்தாலே அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள். உன் குரலில் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தக் கூடாதாம் அவளுக்கு. மெசேஜ் என்றால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

அம்மாவின் கண் போன தடவை சொன்னதைவிட மோசம். நரம்பு வாடிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை, பார்வை இருக்கும்போதே பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சின்னது எதுவும் தெரிவதில்லை. என்னை மட்டும் நன்றாகத் தெரிகிறது. என் சுற்றளவு அப்படி. எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "சின்னவன் மூஞ்சிதான். பீரோ கதவு அளவுக்குப் போட்டுக் குடுடி" என்கிறாள்.

நான்தான் பேனர் அச்சடிக்கிற கடையில் இருக்கிறேனே. ஓரத்தை மடித்து ஒட்டி, மூலையில் ஓட்டை போட்டு வளையம் அடிப்பதோடு என் வேலை சரி. ஏசி ரூமுக்குள்ளே கம்ப்யூட்டர்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்ததுகூட இல்லை. நீ மெசேஜில் அனுப்பிய படத்தைக் கொடுத்துப் பெரிதாக அடிக்கச் சொன்னேன். வேண்டாங்க்கா, நல்லா வராது என்றார். கேட்டேனா? வந்ததைப் பார்த்தால், உன் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் டைல்ஸ் பதித்த மாதிரி கட்டம் கட்டமாக இருக்கிறது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்டடம்டி இது?" என்றாள்.

அப்புறம்தான் அவர் என்னை உட்காரவைத்துக் காட்டினார். படம் என்பது மொத்தமும் பொடிப்பொடிச் சதுரங்கள்தானாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிறம். பெரிதாக்கினால் சதுரம் புதிதாகப் பிறக்காது, இருப்பதுதான் குண்டாகும். "என்னை மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். பாவம், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார். மெசேஜில் போகும்போது பாரம் குறையட்டும் என்று போனே படத்தைப் பிழிந்து அனுப்பிவிடுமாம். அதனால்தான் பிழியாமல் வரட்டும், டாக்குமெண்டாக அனுப்பு என்று உன் உயிரை எடுத்தேன்.

அப்படி நீ அனுப்பிய படம் அருமையாக வந்தது. கண் இமைகூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஜன்னல் பக்கம் மாட்டினோம். அம்மா அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "தாடி நரைச்சிருக்கே என் புள்ளைக்கு" என்று ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்ததும் அடுத்த உத்தரவு: "நிக்கிற மாதிரி, முழுசா ஒண்ணு வேணும்."

உன்னைக் கேட்டதற்கு, இருப்பது அதுதான், வேறு எடுக்க நேரமில்லை என்றாய். சரி, நீ கழுத்தோடு வெட்டி அனுப்பிய அந்தப் படத்திலேயே மிச்சம் கிடைக்குமா என்று கம்ப்யூட்டர்காரரிடம் கேட்டேன். வெட்டியது வெட்டியதுதான் என்றார். ஆனாலும் என் தொல்லை தாங்காமல் துருவிப் பார்த்தார். படக் கோப்புக்குள்ளே, இது இன்ன படம் என்று அடையாளம் காட்டத் தபால்தலை அளவில் ஒரு குட்டிப் படம் ஒளிந்திருக்குமாம். பெரிய படத்தை வெட்டும்போது சில போன்கள் அந்தக் குட்டியை மாற்றாமல் விட்டுவிடுமாம். உன் போன் விட்டுவிட்டது.

அதில் சதுரங்கள் கொஞ்சம்தான். பெரிதாக்கினால் உன் முகம் முகமாகவே இல்லை. ஆனால் தம்பி, சக்கரம் சக்கரமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. தோளுக்குப் பின்னால் தள்ளுகிற பிடி. மடியில் போர்வை. போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் செருப்பு.

கம்ப்யூட்டர்காரர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னபோதெல்லாம், "நடந்தாவது வாடா, தொப்பையாவது குறையும்" என்று கேலி செய்தவள் நான். நீயும் கூடச் சிரித்தாயே. எப்படிடா சிரித்தாய்?

மறுநாள் அவர் ஒன்று செய்துவைத்திருந்தார். உன் தலை, வேறு யாரோ ஒருவருடைய உடம்பு. இஸ்திரி போட்ட பேன்ட், பளபளவென்று ஷூ. "அம்மாவுக்குத் தெரியவாக்கா போகுது? வெச்சுக்குங்க" என்றார். நல்ல மனதோடுதான் செய்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னல் வரைக்கும்கூடக் கொண்டுபோனேன். அம்மா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள் கடைசியாகப் பார்க்கப்போவது யாரோ ஒருத்தனுடைய காலையா என்று தோன்றியது. மை காயவில்லை என்று சொல்லிச் சுருட்டிப் பீரோ மேலே போட்டுவிட்டேன். தினமும் கேட்கிறாள். இன்னும் எவ்வளவு காலத்துக்குத்தான் காயவில்லை என்று சொல்வது?

என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று இப்போது கேட்க மாட்டேன். சொல்ல வரும்போது சொல். யாரையாவது போனைப் பிடிக்கச் சொல்லி, வெளிச்சத்தில், உட்கார்ந்திருக்கிறபடியே முழுதாக ஒரு படம் எடு. ஓரத்தைத் தொடாதே. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அழுவாள். அழட்டும், உன்னைப் பார்த்து அழட்டும். இல்லை, அந்த ஷூக்காரனையே மாட்டு என்று நீ எழுதினால் மாட்டிவிடுகிறேன். அவள் உனக்கும் அம்மாதானே. ஆனால் சீக்கிரம் எழுது. பட்டப்பகலிலேயே விளக்கைப் போடச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொன்று. வாசல் படியை இடித்துச் சரிவாகப் பூசித் தர முடியுமா என்று கொத்தனாரைக் கேட்டேன். பூசிவிடலாம், ஆனால் சக்கர நாற்காலி உள்ளே நுழைய வாசல் நிலையையும் பெயர்த்து அகலப்படுத்த வேண்டுமே, நாற்காலி எவ்வளவு அகலம் என்று கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? அளந்து எழுது. அவர் காத்திருக்கிறார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், என் ராசா.

உன் அக்கா