மோதல் என்று தட்டச்சு செய்தேன்

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஒன்பதுக்கே வெயில் சுள்ளென்று. பிரிண்டரில் மை தீரப்போகிறது, வாங்க வேண்டும். தாலுகா ஆபீஸ் எதிரே என் டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வழக்கமான மனுக் கூட்டம். கூனிமேட்டு பாய் ஒருவருக்குப் பட்டா மனு, இரண்டு பேருக்கு முதியோர் பென்ஷன்.

பிறகு கன்னியம்மா. ஐந்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்ச். இப்போது உப்பளத்தில் கூலி, வீடு காலனியில். அழுது முகம் வீங்கியிருந்தது. நேற்று உப்பளத்தில் ஊர்க்காரர்களுக்கென்று வைத்திருந்த டிரம்மில் அவள் புருஷன் ஏழுமலை தண்ணீர் மொண்டு குடித்தாராம். நாலு பேர் வரப்பில் தள்ளி அடித்திருக்கிறார்கள். வலது கை முறிவு. ஜி.எச்.சில் படுக்கை.

"அவரு கையக்கூட ஓங்கல அஞ்சல. 'தாகம்பா'ன்னுதான் சொல்லியிருக்காரு. நீயே நல்லா எழுதிக் குடு."

நாலு பெயரையும் சொன்னாள். மூன்றாவது குமார், என் கொழுந்தன். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

தட்டச்சு செய்தது: 'குடிநீர் தொடர்பான வாய்த்தகராறு முற்றி, இருதரப்பினருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது.' பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் 'சில நபர்கள்'. படித்துக் காட்டு என்று அவள் கேட்கவில்லை. எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மை வாங்கியாச்சு. ஒரே புழுக்கம்.

குமாரும் ஜி.எச்.சில் அட்மிட். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. நேற்று மத்தியானம் எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பை வழித்துத் தின்றவன். இங்கே அதுதான் வழக்கம். அடித்தவனும் போய்ப் படுத்துக்கொள்வான், எதிர்ப் புகார் கொடுக்க.

பேப்பரில்: 'உப்பளத்தில் இருதரப்பினர் மோதல், இருவர் காயம்.'

"கரெக்டாதான் போட்டிருக்கான்" என்றார் வீட்டுக்காரர். தோசை கருகிவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

இரு பக்கமும் வழக்கு. ஏழுமலை மேலும். கன்னியம்மா வந்து சொன்னாள்.

"'உன் மனுவுலயே மோதல்னு இருக்குதேம்மா, அப்ப ரெண்டு பேர் மேலயும்தான போடணும்'னு கேக்கறாங்க. மோதல்னா ரெண்டு பேரும் அடிச்சிக்கிறதுதான அஞ்சல?"

"அப்படித்தான் எழுதுவாங்க. அது ஃபார்மேட்டு."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம்.

பொய் சொன்னேன். அப்படி ஃபார்மேட் ஒன்றும் கிடையாது. பதினெட்டு வருஷமாக இந்தச் சொற்களை வைத்துத்தான் பிழைப்பு. அசம்பாவிதம். சலசலப்பு. குறிப்பிட்ட பிரிவினர். மாற்றுத் தரப்பு. சுமுகப் பேச்சுவார்த்தை. எதிலும் அடித்தவன் இல்லை, அடிபட்டவனும் இல்லை. எல்லாம் தானாகவே நடந்துவிடும்.

அன்று முதலில் 'தாக்கினார்கள்' என்றுதான் அடித்தேன். குமார் பெயரைச் சொன்னதும் அழித்தேன். வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்ற பயம். வேறு காரணம் தேட வேண்டாம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. லீவு. வடை, பாயசம். குமார் வந்தான், ஐந்து வடை தின்றான். பரிமாறியது நான்தான். கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தாச்சு.

ஏப்ரல் 16, புதன்

கன்னியம்மா வந்தாள். கலெக்டருக்குப் புது மனு, விழுப்புரத்தில் ஒரு வக்கீல் எழுதியது. மூன்று காப்பி வேண்டும். பக்கத்துக் கடை மிஷின் ரிப்பேர், இல்லாவிட்டால் இங்கே வந்திருக்க மாட்டாள்.

மிஷினில் வைக்கும்போது படித்தேன். 'தாக்கினார்கள்.' நாலு பெயரும் இருக்கிறது. கீழே: 'எனது முதல் மனு, எனக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவரால் எழுதப்பட்டது. அதில் உள்ளவை நான் கூறியவை அல்ல.'

"என் பேரச் சொல்லலியா?"

"வக்கீல் கேட்டாரு. யாருன்னு தெரியாதுன்னுட்டேன். உன் வூட்டுல பிரச்சன ஆவும்ல."

முதல் காப்பி கோணலாக வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு கன்னிம்மா" என்றேன். சரியான காப்பி வரும்வரை வெளியே வெயிலிலேயே நின்றாள்.