மூடி போட்டு எடுத்த படங்கள்

அன்பு பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். முழங்கால் வலி தேவலை, கடைத் தையல் மெஷினுக்குப் புது பெல்ட் மாட்டியாயிற்று. ஒரு தப்பை ஒத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம், போனில் வாய் வரவில்லை.

அம்மா கண்மூடுவதற்கு முந்தின வாரம் மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்து எடுத்த சுருள் கேலக்ஸிப் படங்களைக் கேட்டாய் அல்லவா, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்குகிறேன் என்று. அனுப்புமுன் கேமராவில் பார்த்தேன், கடைசி இருபதும் கும்மிருட்டு. எனக்குப் பகீரென்றது. ஐயோ, மூடியைக் கழற்றக்கூட மறந்திருக்கிறாளே, நீ பார்த்தால் அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைப்பாயே என்று இருபதையும் அழித்துவிட்டேன். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம்! படமெல்லாம் புள்ளி புள்ளியாக வருது, கறுப்புப் படங்கள் எங்கேப்பா என்று நீ கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னேன்.

போன வாரம் அம்மாவின் சிநேகிதி, அந்த சயின்ஸ் டீச்சர் வந்திருந்தாள். அக்கா வேணும்னேதான் மூடி போட்டு எடுத்தாங்க, கேமரா தானா போடுற புள்ளியெல்லாம் அதுலதான் தெரியும், அதைக் கழிச்சாத்தான் கேலக்ஸி சுத்தமா வரும் என்றாள். ஆக, அம்மா புத்தி கடைசிவரை தெளிவு, தடுமாறினது நான். வெட்டிவிட்டு அளவெடுக்கிற தையற்காரன் என்று அவள் என்னைக் கேலி செய்தது பொய்யில்லை. அதே குளிரில், படத்துக்கு அதே ஐந்தைந்து நிமிடம் வைத்து மறுபடி எடுக்கலாம் என்று டீச்சர் சொன்னதால் நேற்று விடியுமுன் கேமராவோடு மாடி ஏறினேன். ஒரு தடவை வந்து பாருங்களேன் என்று அம்மா எத்தனை வருடம் கூப்பிட்டாள், பனி ஒத்துக்காது என்று போர்வைக்குள்ளேயே கிடந்தேன் பாவி. அங்கே அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது, பாப்பா. என் முதுகுவலிக்கு வாகாக, நம் கடை வெட்டுத் துணியைத் திணித்துத் திண்டு தைத்துக் கட்டியிருக்கிறாள். அதில் உட்கார்ந்து, மூடி போட்ட கேமராவை வைத்துக்கொண்டு இருபது படமும் முடியும்வரை அழுதேன்.

படங்களை அனுப்பிவிட்டேன். அப்பாவை மன்னித்துவிடு. வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு குறையுமில்லாமல் நீ நீடூழி இருக்க வேண்டும். கேலக்ஸி வந்ததும் மறக்காமல் பெரிதாக அச்சடித்து அனுப்பு. மாடிக்கு எடுத்துப்போய் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா