ஏக்கருக்குப் பதின்மூன்று மூட்டை

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? எங்கள் வேளாண் பொருளாதார ஆய்வு நிலையம் உங்கள் கிளை வாய்க்காலில் ஆறு நிலங்களைக் குலுக்கிப்போட்டு எடுத்திருக்கிறது. நம் நிலமும் விழுந்துவிட்டது. படிவம் இத்துடன். விளைச்சல், செலவு, நில மதிப்பு எல்லாம் உள்ளபடி எழுது.

தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

எட்டு வருஷமாக மழை பெய்ததா என்று கேட்காதவள், ஏக்கர் என்ன விலை போகும் என்று அச்சடித்துக் கேட்கிறாய். மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தாரா? "எலி சும்மாவா அம்மணமா ஓடுது?" என்கிறாள் உன் அண்ணி.

எழுதிவிட்டேன். ஏக்கருக்குப் பதின்மூன்று மூட்டை. பங்கு போட இங்கே கல்லும் களையும்தான்.

அண்ணன்

ஜூன் 2

அண்ணா,

உறவினர் நிரப்பி அனுப்பிய படிவத்தை நாங்கள் தொடக்கூடாது. நேற்றுதான் அறிக்கையில் பார்த்தேன். ஊரறிய இருபத்தாறு மூட்டை எடுத்தவன் பதின்மூன்றா? மற்ற ஐந்து பேரும் இருபத்துமூன்று எழுதியிருக்கிறார்கள். உன்னால் சராசரி இருபத்திரண்டுக்குக் கீழே போய்விட்டது. அதற்குக் கீழே போன வாய்க்காலுக்கு இனித் தண்ணீர் இல்லை. ஆறு தாளை வைத்து நாற்பது குடும்பத்தின் மடையை அடைக்கிற யோக்கியர்கள்! அவர்களிடம் சம்பளம் வாங்குகிற நானும்தான்.

நீயே திருத்திக் கையெழுத்துப் போட்டால் செல்லும். ஜூன் 23, வெள்ளி, கடைசி நாள்.

தங்கை

ஜூன் 8

தங்கைக்கு,

நிலம் பொன்னாக விளைகிறது என்று நானே கையெழுத்துப் போட வேண்டும். நீ அதை நாளை கோர்ட்டில் நீட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. மடையை அடைப்பார்களாம்! பூச்சாண்டி காட்ட நான் என்ன கைக்குழந்தையா?

அண்ணன்

ஜூன் 14

அண்ணா,

என் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் பதிவு செய்து இணைத்திருக்கிறேன். உன் மாப்பிள்ளை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பங்கு கேட்கும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இப்போதாவது இருபத்தாறு என்று எழுது. 23-ஆம் தேதிக்குள்.

தங்கை

ஜூன் 19

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரம் கிடைத்தது. கேட்காமலே இப்படி யார் விட்டுக்கொடுப்பார்கள்? வக்கீலிடம் காட்டினேன். "எங்கயாவது கொக்கி இருக்கும்ணே. வரிவரியாப் பாக்கணும், பத்து நாள் ஆகும்" என்றார். அவர் சரி என்றதும் படிவத்தை அனுப்புகிறேன்.

அண்ணிக்கு இடுப்பு தேவலை. இன்று காலைகூட வாய்க்காலில் தண்ணீர் கரைமுட்டப் போகிறது. நீ வீணாகப் பயப்படாதே.

அண்ணன்