லேபிளின் ஓரத்தில் என் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

பார்மசி கவுன்சிலிலிருந்து பதிவுத் தபால். பத்தொன்பது வருடம் மருந்தாளுநராக இருந்ததற்கு அவர்கள் எனக்கு எழுதும் முதல் கடிதம். 'தங்கள் பதிவு நீடிக்கலாமா என்பது குறித்து விசாரணை.' என்ன மரியாதை! தாங்கள், தங்கள் என்று எழுதியே கழுத்தை அறுக்கிறார்கள்.

ஜனவரியில் நடந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு ஒரு மில்லிகிராம் சர்க்கரை மாத்திரை போக வேண்டியது, எங்கள் கடையிலிருந்து நாலு மில்லிகிராம் போய்விட்டது. ஒரே கம்பெனி, ஒரே பச்சைப் பெட்டி. மூன்றாம் நாள் மனிதர் குளியலறையில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எடுத்துக் கொடுத்தது சின்னவள். என்னுடன் வேலை பார்க்கும் இன்னொரு மருந்தாளுநர், கடையில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். ஆனால் லேபிளின் ஓரத்தில் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் இருப்பது என் கையெழுத்து.

மார்ச் 5

முதலாளியிடம் கடிதத்தைக் காட்டினேன். "நீங்க ஏம்மா கவலைப்படுறீங்க? நம்ம வக்கீல் பார்த்துக்குவாரு."

நம்ம வக்கீல் ஜனவரியிலேயே ஓர் அறிக்கை தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினார். 'மருந்தை நான் சரிபார்த்தேன். கவனக்குறைவால் வேறுபாட்டைக் காணத் தவறினேன். முழுப் பொறுப்பும் என்னுடையது.' போட்டேன் கையெழுத்து. அன்று எனக்கு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள்.

மார்ச் 11

என் வீட்டுக்காரர் "பார்த்துக்கலாம்" என்கிறார். வீடு பற்றி எரிந்தாலும் இந்த மனுஷனுக்குப் பார்த்துக்கலாம்தான். ஆனால் மருந்தாளுநர் சங்கத்தில் சட்ட உதவி கிடைக்கும் என்று ஞாபகப்படுத்தியதும் அவர்தான். போன் செய்தேன்.

மார்ச் 20, வியாழன்

சங்கத்து வக்கீல் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். மேசை முழுக்கக் கோப்புகள், உட்கார நாற்காலியிலிருந்தும் நாலு கோப்பை எடுத்துக் கீழே வைத்தார். அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"கடை வக்கீல்."

"அவர் யாருக்கு வக்கீல்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இதைக் கேட்க எனக்கு இரண்டு மாதமாகத் தோன்றவில்லையே!

பிறகு கேட்டார்: "அந்தப் பெட்டி உங்க கைக்கு வந்துச்சாம்மா?"

வரவில்லை. நான் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் கடை திறக்கும் முன்பே வெற்று லேபிள் சுருளை எடுத்து, ஓரத்தில் வரிசையாக அறுபது கையெழுத்து போட்டுவிடுவேன். பிறகு அதன்மேல் மருந்தின் பெயர் அச்சாகும். கூட்டம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். கடையில் எல்லோரும் அப்படித்தான். முதலாளி சுருளை எடுத்துக் கையிலேயே கொடுப்பார்.

சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "கவனிக்காம விட்டா எச்சரிக்கையோட போகலாம். பார்க்காததைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டா பதிவேட்டுல இருந்து பெயரையே எடுத்துடலாம். அது பிழை இல்ல, பொய்."

"அப்ப ஜனவரியில எழுதினதே இருந்துட்டுப் போகட்டுமே?"

"இருக்கட்டும். ஆனா பொய்னு தெரிஞ்சுக்கிட்டு நான் அதை அங்க வாசிக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

மார்ச் 21

பொய் சொன்னால் தொழில் நிலைக்கும். உண்மையைச் சொன்னால் போகும். நல்லா இருக்குடி உன் நியாயம்!

மார்ச் 23, ஞாயிறு

அந்தப் பெரியவர் இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாராம். அறுபது கையெழுத்தில் ஒன்று அவர் மருந்துக்குப் போனது. நான் கையெழுத்துப் போட்டபோது அவர் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்.

ஏப்ரல் 2

புதிய அறிக்கை கொடுத்தாயிற்று. உள்ளது உள்ளபடி. கடைக்கும் ஒரு நகல். அனுப்பிய அன்று மாலையே முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். போனில்கூட இல்லை, மேனேஜரை விட்டுச் சொன்னார்.

மே 14, புதன்

விசாரணை. சின்னவள் சாட்சி. என்னைப் பார்க்கவே இல்லை, தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட லேபிளை நான் பார்த்ததே இல்லைங்க. அக்கா மட்டும் அப்படிச் செஞ்சிருக்கலாம்."

அடிப்பாவி. உன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் யார்டி உட்கார்ந்திருந்தது?

என் வக்கீல் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: கடையை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். குழு குறித்துக்கொண்டது.

பெரியவரின் மகளும் வந்திருந்தாள். வராந்தாவில் மன்னிப்புக் கேட்டேன். "உங்க வக்கீல் சொல்லிக் கேக்குறீங்களா?" என்றாள். இல்லையென்றேன். நம்பவில்லை. நான் அவளாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

ஜூன் 19

எட்டு மாத இடைநீக்கம். பெயரை எடுக்கவில்லை, நானே முன்வந்து சொன்னதால். வக்கீல் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெற்றியாம். வீட்டில் சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைக் கழற்றித் தபாலில் அனுப்பினேன். வீட்டுக்காரர் அந்த இடத்தில் காலண்டரை மாட்டப் பார்த்தார். "ஒண்ணும் வேண்டாம், போங்க" என்று கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 8

இரண்டு கடைகளில் கணினியில் இருப்பு பதியும் வேலைக்குக் கேட்டேன். "தெரியப்படுத்துறோம்மா." தெரியப்படுத்துவீர்கள், தெரியும்.

நவம்பர் 6, வியாழன்

மதியம் சின்னவள் கூப்பிட்டாள். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கவுன்சில் ஆட்கள் திடீரென்று கடைக்குள் வந்திருக்கிறார்கள். இழுப்பறையில் ஒரு சுருள். ஓரத்தில் வரிசையாகக் கையெழுத்து. அவளுடையது. என் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாளாம். நான் போன பிறகும் நிறுத்தவில்லை! பெரியவர் விழுந்த பிறகும்!

"அக்கா, உங்க வக்கீல் நம்பர் வேணும்."

"ஏன், கடை வக்கீல் இருக்காரே?"

"அவரு ஒரு அறிக்கை எழுதிட்டு வந்திருக்காரு. சாயங்காலம் கையெழுத்துப் போடணுமாம்..." அழ ஆரம்பித்துவிட்டாள்.

நம்பரை மட்டும் சொன்னேன். வைத்துவிட்டேன். நல்லா வேணும் என்று சத்தமாகவே சொன்னேன், வீட்டில் யாரும் இல்லை.

பத்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டேன். "எதுலயும் கையெழுத்துப் போடாத. முதல்ல அந்தம்மாவைப் போய்ப் பாரு."

"அக்கா, நீங்க..."

"உனக்காகச் சொல்லல" என்று வைத்துவிட்டேன்.

பிறகு யாருக்காகச் சொன்னேன்? தெரியவில்லை. எனக்கு இடைநீக்கம் முடிய இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. அவளுக்கு இன்றுதான் ஆரம்பம்.